அந்தோனியார் பெட்டியில் என் படம்

என் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிவதை நான் உயிரோடு இருந்தே பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் வாய்க்காத பாக்கியம். வாய்க்கச் செய்தவர் என் அம்மா. அவர் நினைத்ததெல்லாம் என்னைக் கம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, அனுப்பவேண்டும் என்பதுதான்.

மன்னார்த் தீவில், தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு கரையோர ஊர் எங்களுடையது. சண்டைக் காலம். ஏ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று பள்ளிக்கூட அதிபர் என்னைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பெறுபேறு மாறவில்லை. "எடேய், நீயும் பாஸ் பண்ணியிருக்கிறாய்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. வேறு மாவட்டத்தில் பிறந்திருந்தால் அந்தப் புள்ளிகளோடு நான் கம்பஸ் வாசலில் கடலை விற்கத்தான் போயிருக்கலாம். ஆனால் எங்களுடையது பின்தங்கிய மாவட்டம் என்று அரசாங்கம் எழுதிவைத்திருந்தது; அதற்கென்று சில இடங்கள் ஒதுக்கியும் இருந்தது. மாவட்டத்தைப் பின்தங்க வைத்ததில் என் பங்கு எவ்வளவு என்று தெரியாமலே அதன் பலனை அனுபவிக்கத் தயாரானேன்.

சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் வயதுப் பெடியன் ஒருவன் வீட்டில் நிற்பதென்றால் யாரோ வந்து கொண்டுபோகும்வரை நிற்பது என்றுதான் அர்த்தம். காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் ஆள் தேவை, முகாமுக்குள் இருந்தவர்களுக்கும் ஆள் தேவை. கடலுக்குப் போகலாமென்றால் எனக்கு வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து கடலில் வாந்தி எடுக்கிற பிள்ளையை அப்பா ஊருக்கு மறைத்தே வளர்த்தார். ஆகவே தீவை விட்டு உயிரோடு வெளியேற எனக்கிருந்தது ஒரே வழி, அந்தக் கம்பஸ் அப்ளிகேசன். அதை ஒரு வெள்ளிக்கிழமைக்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிடவேண்டும்.

அதிபர் ஒப்பம் வைத்தார். அரசாங்கத்தின் ஊர்த் தலைவரான விதானையார், நான் இந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தவன் என்று உறுதிப்படுத்தினார். உறுதிப்படுத்துமுன், "உன்ரை கொப்பர் தந்த பாரைக் கருவாட்டில மண் கிடந்தது" என்று ஒரு வார்த்தை சொன்னார். எல்லாம் முடிந்தது. அன்றே நான் தபால் கந்தோருக்குப் போயிருக்கவேண்டும்.

ஆனால் எங்கள் ஊரில் முக்கியமான கடுதாசி எதுவும் நேரே தபாலுக்குப் போவதில்லை. முதலில் கோயிலில் இருக்கிற புனித அந்தோனியாரிடம் போகும். செவ்வாய்க்கிழமைச் செபத்துக்குக் கொண்டுபோய், சுரூபம் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் காலடியில் வைத்துவிட்டு, அடுத்த செவ்வாய் எடுப்பது வழக்கம். விசாக் கடுதாசியும் வள்ளப் பதிவும் கலியாணம் பேசிவந்த கடிதமும் அவர் காலடியில் ஒரு கிழமை தங்கித்தான் ஊரை விட்டுப் புறப்படும். எங்கள் ஊரின் உண்மையான கந்தோர் அதுதான்.

"முடிவுத் திகதி கிட்டுது அம்மா" என்றேன்.

"அந்தோனியாருக்குத் திகதி தெரியும். நீ உன்ரை வேலையைப் பார்."

"என்ரை வேலையே அதுதானே."

அம்மா காதில் வாங்கவில்லை. அலுமாரியைத் திறந்து என் படம் ஒன்றை எடுத்தார். அப்ளிகேசனுக்குப் படம் கேட்கவேயில்லை. ஆனாலும் முதல் பக்கத்தில் ஊசி குத்திச் சேர்த்தார். எதற்கு என்று கேட்டேன்.

"உன்ரை பேரில இந்த ஊரில எத்தினை பேர் இருக்கினம்? அவர் ஆளை மாறிச் செய்துபோட்டார் எண்டால்? படத்தைப் பாத்தால் தெரியும்."

என் ஞானஸ்நானப் பெயரில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு பேர் இருந்தது உண்மை. அதில் ஒருவருக்கு அறுபது வயது, பல்லில்லை. அவருக்கு மருத்துவ பீடம் கிடைத்துவிடும் என்று அம்மா பயந்திருக்கவேண்டும்.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மன்னார்ப் பஜாரில் ஒரு ஸ்ரூடியோ. அங்கே ஒரே ஒரு கறுப்புக் கோட், ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்ட டை. தீவில் படித்த பெடியன்கள் அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்குள் ஒருமுறை புகுந்து வந்தவர்கள்தான். ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். தடித்தவனுக்குப் பொத்தானைத் திறந்துவிட்டு டையால் மறைப்பார்கள். என் முகத்தில் பவுடரை அள்ளிப் பூசியிருந்தார்கள். படத்தில் இருந்தவன் பெரிய உத்தியோகத்தன் போலிருந்தான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. நான் அவனாக இருக்கவில்லை என்பதுதான் குறை.

செவ்வாய்க்கிழமை அப்ளிகேசன் பெட்டிக்குள் போனது. சனிக்கிழமை விடிய ஆமி ஊரைச் சுற்றிவளைத்தது.

அன்று நாய்கள் குரைக்கவில்லை. அதுதான் முதலில் கேட்டது, அந்தச் சத்தமில்லாமை. பிறகு ஒழுங்கை மணலில் சப்பாத்துகள். எந்த வள்ளமும் இறங்கவில்லை. ஆண்கள் எல்லாரும் கோயில் வளவுக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் கொச்சைத் தமிழில் சொன்னார்கள். சாரத்தோடும் பாதி மழித்த தாடியோடும் போனோம். பெண்களை வேலிக்கு வெளியே நிற்பாட்டியிருந்தார்கள்.

கோயில் வாசலில் ஒரு கதிரை போட்டிருந்தது. கல்யாணம் எழுதும்போது மாப்பிள்ளை இருக்கிற கதிரை. அதில் ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி; ஆமி பிடித்துவைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறவன். நாங்கள் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நின்று போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் லொறி. ஆட்டாவிட்டால் பூவரசு நிழல்.

எனக்கு முன்னால் நின்றது பக்கத்து வீட்டு மச்சான். எந்த நேரமும் பகிடி விடுகிற ஆள். "மச்சான், எனக்கு ஆட்டினால் என்ரை வலையை நீ எடு" என்று உதடசையாமல் சொன்னான். "ஆனால் கடலுக்குக் கொண்டுபோகாதை, வாந்தி எடுத்து நாசமாக்கிப்போடுவாய்."

அவனுக்கு ஆடவில்லை. எனக்கும் ஆடவில்லை. ஓட்டைகளுக்குள் இருந்த கண்கள் என்மேல் நின்று, அடுத்தவனுக்குப் போயின. நான் நிழலில் போய் மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்கள் ஊரில் மூன்று பேரை லொறியில் ஏற்றினார்கள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கோயிலுக்குள் தேடிக்கொண்டிருந்த ஆமிக்காரன் ஒருவன் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி உள்ளே போனார். திறந்த கதவால் எனக்கும் தெரிந்தது. யாரோ விடியற்காலையிலேயே பெட்டிக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார்கள். அந்தோனியார் கழுத்தில் கிடந்த பிளாஸ்ரிக் மாலை நழுவி, அதன் நுனி கோட் போட்ட என் படத்தைச் சுற்றி விழுந்திருந்தது.

"மச்சான்" என்று பக்கத்து வீட்டான் காதுக்குள் சொன்னான், "உள்ளுக்கை உன்ரை செத்த வீடு நடக்குது. நீ இங்கை குந்திக்கொண்டிருக்கிறாய்."

அதிகாரி படத்தையும் அப்ளிகேசனையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படத்தை வேலிப் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"இது யாரு? எப்ப செத்தது?"

பூவும் திரியும் வைத்துப் படம் வணங்கினால் அது சண்டையில் செத்தவனுடையதுதான் என்று அவர் முடிவெடுத்திருந்தார். அந்த நாளில் அப்படி ஒரு படம் ஒரு கோயிலில் அகப்பட்டால் ஊருக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அவன் சாகேல்லை மாத்தையா!" அம்மாவின் குரல் வேலியைத் தாண்டி வந்தது. "அவன் கம்பஸுக்கு அப்ளை பண்ணுறான். அங்கை பாருங்கோ, மரத்துக்குக் கீழை இருக்கிறான்!"

வாழ்க்கையில் ஒருநாளும் அம்மா என்னை இவ்வளவு பெருமையாக யாருக்கும் காட்டிக்கொடுத்ததில்லை.

எழுந்து போனேன். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். படத்தில் வெள்ளைக்காரத் துரை. எதிரே கிழிந்த சாரம்.

"இது நீ?"

"ஓம் சேர்."

"இல்ல."

அவரைக் குற்றம் சொல்லமுடியாது. எனக்கே சந்தேகம் இருந்தது.

பிறகு அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். குரல் தணிந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இந்த கோட் நான் பாத்திருக்கு. வேற படத்தில. மூணு, நாலு பேர். இதே கோட், இதே டை. என்ன இது, யூனிபோமா?"

"அது ஸ்ரூடியோக் கோட் மாத்தையா" என்று அம்மா கத்தினார். "இங்கத்தைப் பெடியள் எல்லாரும் அதைத்தான் போடுறது!"

"எல்லாரும்?" அதிகாரி மெதுவாகத் திரும்பி நிழலில் இருந்தவர்களைப் பார்த்தார். முழு ஊரும் ஒரே கோட்டுக்குள் நின்றதுபோல் இருந்தது. அவரிடம் இருந்த மற்றப் படங்கள் எந்த வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை, அவற்றில் இருந்தவர்கள் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. பகிடி விடுகிற மச்சான்கூட நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி என் தோளைப் பிடித்துக் கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒருமுறை தப்பியவனை இரண்டாம் முறை அங்கே நிறுத்தியது அந்தோனியாருக்காக ஊசி குத்திய படம்.

"நல்லா பாரு" என்றார் சாக்குக்காரனிடம்.

அவன் பார்த்தான். நான் நேர்மையானவன் போல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். அப்படி முயன்றால் திருடன் போலத்தான் வரும் என்று ஸ்ரூடியோக்காரர் முன்னமே சொல்லியிருக்கிறார். சாக்கு அவன் மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. கண்கள் என்னை விட்டுக் கீழே இறங்கின. அதிகாரியின் கையிலிருந்த அப்ளிகேசனில் போய் நின்றன. அங்கேயே நின்றன. முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு என்று நான் எழுதியிருந்த வரிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது தெரிந்தது. அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

"தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

சாக்கு அசைந்தது. பிறகுதான் விளங்கியது, அது மேலும் கீழும் அல்ல, இடமும் வலமும்.

அதிகாரி ஊசியைக் கழற்றினார். அப்ளிகேசனை என்னிடம் நீட்டினார். படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "படி" என்றார். "நல்லா படி."

"மாத்தையா, அந்தப் படம்..." என்று அம்மா தொடங்கினார். வேலிக்கு அப்பால் யாரோ அவர் வாயைப் பொத்தினார்கள்.

அன்று பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போய் அந்தோனியாருக்கு நேரே நின்று கதைத்தார். நானும் பின்னால் நின்றேன். "கோவிக்காதையுங்கோ. செவ்வாய் வரைக்கும் வைக்கேலாது. மிச்ச நாளுக்கு நான் செருப்புப் போடாமல் நடக்கிறன்." அவர் சம்மதித்தாரா தெரியாது. திங்கட்கிழமை, கந்தோர் திறக்கிற நேரத்துக்கு, முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். அம்மா வெறுங்காலோடு வந்தார்.

தபால் கந்தோரில் நிறையச் சனம். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் உறையைத் தராசில் வைத்து, முத்திரை ஒட்டி, குத்தினார். "கொழும்புக்கோ?" என்றார். "போகும். பாதை திறந்தால் போகும்." தபால் பைக்குள் அது விழுகிற சத்தத்தை நானும் அம்மாவும் கேட்டோம். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பற்றுச்சீட்டை அம்மா சட்டைக்குள் வைத்துக்கொண்டார், அங்கே எந்த அதிகாரியும் தேடமாட்டார் என்று.

வெளியே வந்தோம். வீதியோரத்தில் ஒரு லொறி நின்றது, பின்பக்கம் தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்தது; இடுக்கில் இரண்டு ஓட்டை போட்ட சாக்கு ஒன்று தெரிந்தது. கூட வந்த ஆமிக்காரர் எதிர்க் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். லொறியைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். "நேர பாத்து நட" என்று அம்மா என் கையைப் பிடித்தார்.

படங்குக்குள் இருந்து ஒரு குரல் வந்தது, மெல்ல, வேறு யாருக்கும் கேட்காமல்.

"அன்ரி, போட்டாச்சோ?"

ஊரில் அம்மாவை அக்கா என்பார்கள், மாமி என்பார்கள், சின்னம்மா என்பார்கள். அன்ரி என்று கூப்பிட்டது என்னோடு ஒரே வகுப்பில் படித்து, எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள் மட்டும்.

அம்மா திரும்பவில்லை. ஆனால் நின்றுவிட்டார். செருப்பில்லாத கால் சூடேறிய தாரில் நின்றது.

"ஓம் மகன்" என்றார். "இப்பதான் போட்டிட்டு வாறம்."

பிறகு, என் நண்பர்கள் யார் வந்தாலும் அந்தக் கிழமைகளில் அவர் கேட்கிற கேள்வி வாயில் இருந்திருக்கவேண்டும்; யோசியாமலே கேட்டுவிட்டார்.

"நீ போட்டனியோ, மகன்?"

சோடாப் போத்தல்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆமிக்காரர் வந்தார்கள். லொறி புறப்பட்டு, தீவை விட்டுப் போகிற பாலத்துப் பக்கம் திரும்பியது. அது மறையும்வரை அம்மா என் கையை விடவில்லை. குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது அம்மா செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

எனக்கு இடம் கிடைத்தது, மூன்றாம் தெரிவு.