பதினெட்டாம் தேதிக் கப்பல்

அந்தமானில் எங்கள் சிப்பிகாட்டில் பாக்கு மரம் ஏற ஆள் வேண்டுமென்றால் பழனியாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். என் தங்கையின் கணவர். செருப்புப் போடமாட்டார். "மரமேறுறவனுக்குச் செருப்பு எதுக்கு மச்சான்?" என்பார். பிடிவாதத்தில் மனுஷனை அசைக்க முடியாது.

போன வருஷம்தான் பார்த்தோம், அவர் கணுக்காலில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு சதை வளர்ச்சி. மூன்று வருஷமாகக் கைலிக்குள் மறைத்திருக்கிறார். அவருடைய அண்ணன் நல்லதம்பிக்கும் இதேபோல் வந்து, கேன்சராக இருக்கும் என்று மெயின்லேண்டில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம். கால் போனால் பழனியாண்டிக்குப் பிழைப்பே போச்சு.

"ஜல்தி வெட்டிரு தம்பி. நான் உசுரோட இல்லையா?" என்று நல்லதம்பி விடாமல் நச்சரித்தார்.

மூவரும் கப்பலேறிச் சென்னை போனோம். டாக்டரம்மா சதையில் ஒரு துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார். நல்லதம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னிக்கே வெட்டினாத்தான் மேடம் பதினெட்டாம் தேதிக் கப்பலப் பிடிக்கலாம். அடுத்த டிக்கெட் எப்போ கெடைக்குமோ!"

நானும் தலையாட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தீவுக்காரன் புத்தி, கல்யாணமோ கருமாதியோ கப்பல் தேதியைப் பார்த்துத்தான் நடக்கும்.

"கப்பல் போனா போகட்டும். ரிசல்ட் வராம கத்தியத் தொடமாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

பதினோராம் நாள் கூப்பிட்டார். "கேன்சர் இல்ல. முள்ளோ சிராயோ குத்தின இடத்துல மண்ணுல இருக்குற பூஞ்சை உள்ள போயிருக்கு. பாக்க அச்சு அசலா கேன்சர் மாதிரியே இருக்கும். மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடணும். கால எடுக்க வேண்டாம்."

பழனியாண்டி கும்பிட்டபடியே அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லதம்பி மட்டும் கட்டையை ஊன்றியபடி அப்படியே நின்றார். அவரும் அதே பாக்குத் தோட்டங்களில் வெறுங்காலோடு மரமேறியவர்.

"எனக்கும் இப்படியேதான் இருந்துச்சு மேடம்."

"சோதனை பண்ணினாங்களா?"

"துண்டு எடுத்தாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் நிக்கல. கப்பல் இருந்துச்சு. வெட்டிருங்கன்னு நாந்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்புறமாவது ரிசல்ட்ட வாங்கிப் பாத்தீங்களா?"

"காலே போயிருச்சு. அத வாங்கி என்ன செய்ய?"

"உங்களுக்கு வந்தது என்னன்னு இப்ப என்னால சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

நல்லதம்பி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னையும் வெட்டச் சொன்னேனேடா" என்றார்.