ரீச்சரின் தொண்டையும் எங்கள் பௌதிகமும்

பலகையில் ‘சேவைவழிக் கற்றல்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“எந்தச் சனிக்கிழமை மிஸ்? மண்வெட்டி நாங்க கொண்டு வாறதா, நீங்க தருவீங்களா?”

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சேவை என்றால் சிரமதானம். கோயில் வீதியையோ பள்ளிவாசல் சுற்றையோ துப்புரவாக்குவது, படம் எடுத்து முகநூலில் போடுவது, அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவது. அந்தக் கிழங்குக்காக நானே போயிருக்கிறேன்.

ஆனால் நான் கேட்டது வேறு. படிக்கிற பாடத்தைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் உதவ வேண்டும். அங்கே பட்டதைத் திரும்பக் கொண்டுவந்து பாடத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்குப் புள்ளியும் உண்டு என்றேன். புள்ளி என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்தத் தவணையில் பௌதிகத்தில் நான் எடுத்த பாடம் ஒலி. நான் தேர்ந்த இடம் வாழைச்சேனையில் வாவிக்கரையை ஒட்டிய ஒரு முன்பள்ளி. முன்பு மீன்வலை வைத்திருந்த மண்டபம் அது. மேலே தகரம், கீழே சீமெந்து, சுற்றிலும் வெறுஞ்சுவர். உள்ளே சின்னப் பிள்ளைகளின் இரைச்சல், அதற்கு மேலே ஒரேயொரு ரீச்சரின் கத்தல். முதல்முறை பார்க்கப் போனபோது, பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாரா ஏசுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“கத்துறத விடுங்க, இல்லாட்டி வேலைய விடுங்க எண்டு டொக்டர் சொல்லிட்டார் மிஸ்,” என்றார் ரீச்சர். கிழிந்துபோன குரல். “இந்த வருசத்தோட நிப்பாட்டுவம் எண்டு நினைச்சிருக்கன். இதுகள விட்டுட்டுப் போக மனமில்லதான். ஆனா தொண்ட இல்லாம எப்பிடிப் படிப்பிக்கிற?”

எனக்கு முதலில் அந்த டொக்டர் மேல் கோபம் வந்தது. பிறகு கூரை மேல் வந்தது. கூரைமீது வந்த கோபம்தான் உருப்படியானது. ரீச்சர் போகாமல் இருக்க எங்களால் ஆனதைச் செய்வோம் என்று வகுப்பில் சொன்னேன். முதலில் போய் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

குறித்த நாளில் வகுப்பு எனக்கு முன்பே போய்விட்டது. நான் பிடித்த பஸ் ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தபோது மண்டப வாசலில் பதாகை தொங்கியது. உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. ரீச்சரின் தோளில் பொன்னாடை. இரண்டு மூலையிலும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். என் மாணவன் ஒருவன் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன ‘பெருமதிப்புக்குரிய’ தகரத்தில் மோதித் திரும்பி வந்து அடுத்த ‘பெருமதிப்புக்குரிய’வோடு முட்டிக்கொண்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

எதிரொலியைக் குறைக்கப் போனவர்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு போயிருந்தார்கள்! வெளியே இழுத்துவந்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“திறப்பு விழா வைக்காம எப்பிடி மிஸ் வேல தொடங்கிற?” என்று உண்மையாகவே கேட்டான், வரவேற்புரை ஆற்றியவன்.

வேலை முடியும்வரை யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்தக்கூடாது என்று அந்த இடத்திலேயே சட்டம் போட்டேன். ஆனால் மறுநாள் வகுப்பில், மைக்கில் நிகழ்ச்சியை அறிவித்த பிள்ளை தயங்கித் தயங்கி எழுந்தாள். “மிஸ், நான் பேசினது எனக்கே விளங்கல்ல. ரீச்சர் ஒவ்வொரு நாளும் இதுக்குள்ளதானே நிக்கிறா?” எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மூன்று வாரமாக எதிரொலியைப் பற்றி நான் எழுதிப்போட்டது அன்றைக்குத்தான் அவர்கள் மண்டையில் ஏறியிருந்தது.

பிறகு முட்டைத் தட்டு. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ இணையத்தில் பார்த்திருந்தார்கள். வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது எனக்கு லேசான காரியம் இல்லை. சாப்பாட்டுக் கடை கடையாக ஏறித் தட்டுச் சேர்த்து ஒட்டினார்கள். கைதட்டி, அதைக் கைபேசியில் பதிந்து, ஒட்டுவதற்கு முன் பதிந்ததோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லாத அளவுதான். முன்பள்ளிப் பிள்ளைகளோ அந்தத் தட்டுகளுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து சந்தோசமாக இருந்தார்கள்.

அடுத்து, காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தி தன் மாமாவின் நெசவுக் கூடத்திலிருந்து பிழைபட்டு ஒதுக்கிய கெட்டித் துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்தாள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அவற்றைத் தொங்கவிட்டார்கள். இந்தமுறை கைதட்டியபோது சத்தம் அங்கேயே நின்றது. வகுப்பு ஆர்ப்பரித்தது. நானும் கொஞ்சம் துள்ளினேன்.

ரீச்சர் துணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கூரையைக் காட்டினார். “நல்லாத்தான் இருக்கு. மாரி வந்தா என்ன செய்யிற மிஸ்?”

தகரத்தில் மாரிமழை விழுகிற சத்தத்தைத் துணி என்ன செய்யும்? வகுப்புக்குத் திரும்பிச் சூத்திரம் சூத்திரமாக எழுதினோம். கடைசியில், அந்தத் தவணை முழுக்க வாயே திறக்காத சித்தாண்டி ஊர்ப் பொடியன் பின்வரிசையிலிருந்து சொன்னான்: “எங்கட வீட்டுத் தகரத்துக்கு மேல வெக்கைக்குக் கிடுகு போட்டிருக்கம் மிஸ். அதுக்குப் பிறகு மழைச் சத்தமும் பெரிசாக் கேக்கிறல்ல.”

“அட, இத முதலே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க பௌதிகம்தானே மிஸ் கேட்டீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. வெண்கட்டியை அவன் கையில் கொடுத்தேன். அதிர்கிற தகரத்தின் மேல் பின்னிய தென்னோலை கிடந்தால் துளியின் அடி எங்கே போகிறது என்பதை அவன்தான் அன்று வகுப்புக்கு வரைந்து காட்டினான். அடுத்த சனிக்கிழமை மண்டபத்தின் மேல் கிடுகு ஏறியது. மண்வெட்டி கேட்டவள் கயிறு கட்டினாள்.

மழைக்காகக் காத்திருந்தோம். கார்த்திகையில் ஒரு காலை வானம் கறுத்ததும் வகுப்பை அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்வாசலில் ஒதுங்கி நின்றோம். உள்ளே நரிக்கதை நடந்துகொண்டிருந்தது. நரி ஆற்றைக் கடக்கப்போகும் நேரம் மழை கொட்டத் தொடங்கியது. ரீச்சர் பழக்கதோசத்தில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

“அப்ப அந்த நரி என்ன செஞ்சிச்சு தெரியுமா!”

கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

“ஏன் ரீச்சர் கத்துறீங்க? கேக்குதுதானே.”

ரீச்சர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

“ஓம் மகள், கேக்குதுதான்,” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பிள்ளைகளும் கேட்டிருக்கமாட்டார்கள். கரகரப்பு இருந்தது, ஆனால் இதமான குரல். அந்தக் குரலிலேயே நரி ஆற்றைக் கடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர்களும் மூக்கை உறிஞ்சியதால் நான் தப்பினேன்.

கதை முடிந்ததும் வரவேற்புரைக்காரன் என் காதில் கேட்டான்: “வேல முடிஞ்சிதானே மிஸ், இப்பவாவது ரீச்சருக்குப் பொன்னாட போர்த்தலாமா?” பையிலிருந்து வெளியே எடுத்தும்விட்டான்.

ரீச்சர் கையால் தடுத்தார்.

“வையுங்க தம்பி. அடுத்த வருசம் போர்த்துங்க. நான் இஞ்சதான் நிப்பன்.”