பென்சிவ் என்று என்னைச் சொன்னவர்

ஆங்கிலத்தில் பென்சிவ் என்றொரு சொல் உண்டு. கொஞ்சம் துயரம் கலந்து, அமைதியாகத் தனக்குள் ஆழ்ந்திருப்பவரைக் குறிப்பது. மழைநாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பழையதை நினைப்பவளைச் சொல்லலாம். கப்பல் போன பிறகும் துறைமேடையில் நிற்பவரைச் சொல்லலாம். கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் நிற்பவனைச் சொல்லக் கூடாது. என்னைச் சொன்னார்கள்.

அறுபதுகளில் அந்தமானில், போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். மனைவிக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. இந்த முறை மெயின்லேண்ட் போய்த் தாய்வீட்டில் பெற வேண்டும் என்றாள். மெட்ராஸ் கப்பலில் எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இடம் உண்டு. அதிகாரி கைகாட்டியவருக்கே அது.

எங்கள் வழக்கப்படி அதிகாரியிடம் எதையும் ஒருமுறைதான் கேட்போம். பிறகு மேசைக்கு எதிரே பேசாமல் நிற்போம். நிற்பதுதான் மறுபடி கேட்பது. புதிதாக மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரிக்கு அது தெரியவில்லை. மனைவிக்காக அந்தக் கப்பல் இடத்தை ஒருமுறை கேட்டுவிட்டு, அவர் மேசைக்கு எதிரே நின்றேன். தீவு பார்க்க வந்த அவருடைய மைத்துனர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இவர் எப்பவும் இப்படித்தான். ரொம்ப பென்சிவ்," என்றார் அதிகாரி. மைத்துனர் என்னைச் சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெளியே பியூன் கேட்டான்: "க்யா பாபு, சீட் கிடைச்சுதா?"

"பட்டம் கிடைச்சுது," என்றேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன சொன்னார்?"

"நான் ஏதோ சிந்தனையில் இருக்கேனாம்."

"வயிறு எனக்கு. சிந்தனை உங்களுக்கா?"

இடம் மைத்துனருக்குப் போயிற்று. கட்டி வைத்திருந்த படுக்கையை மனைவி அவிழ்த்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"என்னய்யா, இன்னும் என்ன யோசனை?"

"யோசனை இல்லை சார். கோபம். நேற்றும் அதுதான்."

மைத்துனரின் பெட்டி மூலையில் கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கப்பலில் இடம் தருவதாகச் சொன்னார், தந்தார். எட்டாம் மாத வயிற்றோடு, கொந்தளிக்கும் கடலில், தெரிந்த குடும்பம் ஒன்றின் துணையோடு அவள் போனாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தாளாம்.

மகள் பிறந்த தந்தி வந்ததும் அதிகாரி என் தோளில் தட்டினார். "பார்த்தீரா, ஒன்றும் ஆகவில்லையே."

நான் பதில் பேசவில்லை. அந்த மௌனத்துக்கு அவர் என்ன பெயர் வைத்தாரோ, கேட்டுக்கொள்ள நான் அங்கே நிற்கவில்லை.