கார் வராத தெருவில் அரிசிக் கடை

லண்டனில் தமிழ்க்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நமது வாடிக்கையாளர் கடைக்குள் வருமுன் அவருடைய காரின் மினுங்கும் ஹசார்ட் லைட் வாசலில் வந்து நிற்கும். இல்ஃபோர்டில் எங்கள் தெருவுக்குள் இனிக் கார் வரக்கூடாது என்று கவுன்சில் மறித்துவிட்டது. பொங்கலுக்குள் வியாபாரம் நிமிராவிட்டால் கடையை விற்பதென்று நானும் மனைவி பவானியும் முடிவெடுத்தோம்.

அரிசி மூட்டை

குகன் அண்ணை பல வருட வாடிக்கை. வாசலில் நிறுத்தி ஹார்ன் அடிப்பார், நான் அரிசி மூட்டையைத் தூக்கிப் போய்க் காருக்குள் வைப்பேன். தெருவை மறித்த வாரம், மூலையில் நட்ட இரும்புத் தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்று போன் எடுத்தார்.

"தம்பி, கடையை ஒருக்கா இஞ்சாலை தள்ளி வைக்க ஏலாதோ?"

வாசல் பெஞ்ச்

கார் நின்ற இடத்தில் கவுன்சில் பெஞ்ச் போட்டது. இரண்டு பென்ஷன்காரர்கள் அதில் உட்கார்ந்து காலை முதல் ஊர்க்கதை பேசினார்கள், ஒரு வெண்டிக்காய்கூட வாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் என்னோடு நிற்கும் சிவம் அண்ணை ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர், இப்படிப்பட்ட தெருக்களை அங்கே பார்த்தவர். அவர் தக்காளி அடுக்கியபடி சொன்னார்:

"முதல் வருசம் கடைக்காரர் அழுவினம். பிறகு சனம் இருக்கக் கதிரை வாங்கிப் போடுவினம்."

குழந்தை வண்டி

மார்கழியில் ஓர் இளம் தாய் வந்தார். முன்பெல்லாம் கார்களுக்குப் பயந்து பிள்ளையை வண்டியில் இறுக்கிக் கட்டியபடி வருவார். அன்று பிள்ளையை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பத்துக் கிலோ அரிசியை வைத்து வார் பூட்டினார். பிள்ளை நடுத்தெருவில் ஓடியது. பென்ஷன்காரர்கள் கைதட்டினார்கள். அந்தத் தெருவில் ஒரு பிள்ளை ஓடி நான் பார்த்ததே இல்லை, மனம் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் கடைக்காரன் புத்தி, அரிசி திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து, பிள்ளை வீடுவரைக்கும் நடப்பானா என்று கேட்டேன்.

"பிள்ளை நடக்கும் அண்ணை, அரிசி நடக்காதெல்லோ."

கரும்பு

பொங்கலுக்கு முதல்நாள் கரும்பையும் பானைகளையும் தெருவிலேயே பரப்பினோம். முன்பு காரில் வந்தவர்கள் அரிசியோடு ஓடிவிடுவார்கள். நடந்து வந்தவர்கள் நின்றார்கள், கதைத்தார்கள், முறுக்கும் வாங்கினார்கள். குகன் அண்ணைகூடக் குடும்பத்தோடு நடந்து வந்து பெஞ்சில் இடம் பிடித்துவிட்டார். மத்தியானம் கல்லாவில் நின்ற பவானியிடம் மெதுவாகப் போய், கடை விஷயம் என்ன செய்வோம் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"விக்கிற கதையைப் பிறகு கதைப்பம். இப்ப போய்க் கரும்பை வெட்டுங்கோ."

இப்போது வாசலில் நான்கு பிளாஸ்டிக் கதிரைகளும் போட்டிருக்கிறேன். கார் நிறுத்த இடமில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர்களே, இருக்க இடமில்லை என்று சண்டைக்கு வருகிறார்கள்.