பஞ்சு அக்கா

பூட்டில் சாவியை நுழைக்கும் முன் கைப்பையைத் திறந்து, பஞ்சைக் கிள்ளி உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொள்கிறாள். தெருச் சத்தத்துக்கு அடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டுக்குள் நுழைய அடைத்துக்கொள்பவள் இவள் ஒருத்திதான். மாடிப் பிள்ளைகள் வைத்த பேர் பஞ்சு அக்கா. சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாளோ என்னவோ.

உள்ளே அவளுடைய அப்பா டிவி பார்க்கிறார். அச்சகத்தில் மெஷின் ஓட்டியே காதைத் தொலைத்தவர். மனைவி போனபின் செய்தி வாசிக்கும் பெண்ணும் சீரியல் மாமியார்களும்தான் அவருக்கு உற்றார் உறவினர். சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் எனக்கே செய்தி முழுவதும் கேட்கும். நான் டிவி வாங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஹெட்செட். அந்தப் பக்கம் எல்லோரும் கத்துகிறார்கள். மெஷின் மேல் உள்ள கோபத்தை மெஷினிடமா காட்ட முடியும்? சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாதி காதில் விழாது. "மறுபடி சொல்லுங்க சார்" என்றால் அதற்குத் தனியாக ஒரு கத்து. மத்தியானத்துக்குள் தலைவலி ஆரம்பித்துவிடும். "நெத்திப்பொட்டுல யாரோ கட்டைவிரலை வெச்சு அழுத்திக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்பாள். ஓடிப்போய் வாந்தியெடுத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அடுத்தவருக்கு "வணக்கம், சொல்லுங்க" என்பாள். எனக்கு லேசாகத் தலை வலித்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவேன்.

டாக்டர் சத்தத்தை விட்டு விலகி இருக்கச் சொன்னார். "எங்க டாக்டர் விலகறது? ஆபீஸ்ல சோறு இருக்கு, வீட்டுல அப்பா இருக்காரு" என்றாளாம். அவர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அப்பாவுக்குக் காது மெஷினும் வாங்கிப் பார்த்தாள். அது கீச்சென்று விசிலடிக்கும். அந்த விசில் அவருக்குக் கேட்காது, இவளுக்குத்தான் கேட்கும். கழற்றி வைக்கச் சொன்னதும் இவளேதான். இதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. "பழகிடும்னு சொல்றாங்க. எங்க பழகுது? கூடிக்கிட்டேதான் போகுது."

முந்தாநாள் அவள் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடி வாந்தியெடுத்ததை அப்பா பார்த்துவிட்டார்.

நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் தட்டிப் பார்த்தேன், அவருக்கு எங்கே கேட்கும்? அவள் வேலை முடிந்து வந்ததும் கூடவே நானும் உள்ளே போனேன். அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

அவர் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டாள்.

"ஏம்ப்பா டிவி போடல?"

"கரண்ட் இல்லம்மா. காலையிலேருந்தே இல்ல."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"வந்துடுச்சுப்பா" என்றாள்.

ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். செய்தி வாசிக்கும் பெண் அலறத் தொடங்கியும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு இன்னும் இரண்டு முறை அழுத்தினாள்.