மார்லிஸ் குறித்த ‘இல்லை’

மார்லிஸ் ஹ்ருஷ்கா அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சிறு கல்லூரியின் நான்காம் ஆண்டு மாணவி. சோளம் பயிரிடும் அவள் குடும்பத்தில் வழக்கறிஞர் என்று எவரும் இருந்ததில்லை. இரண்டாண்டுகள் நாள் தவறாமல் கடிகாரத்தை எதிரில் வைத்துத் தர்க்க வினாக்களைப் பழகி, சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் தேறினாள். பிப்ரவரியில் அவள் விரும்பிய சட்டக் கல்லூரியே இடம் தந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அவளுடைய நடத்தை குறித்து, அவள் படிக்கும் கல்லூரி நேரடியாகச் சான்றளிக்க வேண்டும்.

சான்றுப் படிவத்தைக் கண்டதும் தான் அனுப்பிய விண்ணப்பத்தின் நகலைத் தேடி எடுத்தாள். அதில், ‘ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதுண்டா?’ என்ற வினாவுக்கு அவள் ‘இல்லை’ என்று குறித்திருந்தாள். உண்மையில், முதலாண்டில் விடுதி அறையில் சோளப்பொரி கருகியபோது, எச்சரிக்கை மணி அலறாதிருக்கப் புகையறியும் கருவிக்குக் காலுறையை மாட்டியிருந்தாள். விடுதிப் பொறுப்பாளர் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “இது எங்கயும் போகாது” என்றார். அவளும் நம்பிவிட்டாள்.

அறைத்தோழி கார்லிஸ் சிரித்தாள். “ஒரு சாக்ஸுக்காக உன்னைத் தூக்குலயா போடப்போறாங்க? நீ வக்கீலாகுறதுக்கு முன்னாடியே குற்றவாளி ஆயிட்டடி!”

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமை கல்லூரியின் சான்றிதழ் அலுவலர் திருமதி வீபி அவளுடைய கோப்பைத் திறந்தார். அந்தத் தாள் அதில் இருந்தது.

“எங்கயும் போகாதுன்னு சொன்னாங்க மேடம்.”

“போகலையே. இங்கதான் இருக்கு. கருவியை மூடுனது ஒண்ணும் பெருசு இல்லம்மா. அதை மறைச்சதுதான் பெருசு. மூணு வருஷம் கழிச்சு வக்கீலாப் பதிவு பண்ணப் போவ இல்ல? அப்பவும் இதே கேள்வி கேப்பாங்க. பழைய பதிலை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க.”

“நீங்க இதை எழுதித்தான் ஆகணுமா?”

“வெள்ளிக்கிழமை என் கடிதம் போகுது. உன்னோடது முன்னாடி போனா அது திருத்தம். பின்னாடி போனா, மாட்டிக்கிட்டன்னு அர்த்தம்.”

வியாழக்கிழமை நண்பகலில் மார்லிஸ் நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பினாள். மறுநாள் சட்டக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அவள் பெயருக்கு எதிரே ‘சேர்க்கப்பட்டார்’ என்ற சொல் இல்லை, ‘மறுபரிசீலனையில்’ என்றிருந்தது. மாலையில் சேர்க்கைக் குழுவின் கடிதம் வந்தது. அதில் கடிந்துரை ஏதுமில்லை. நன்றி கூட இருந்தது. அதன் கீழே ஒரு வினா: ‘பள்ளி நாள்கள் உட்பட, தாங்கள் இதுவரை தெரிவிக்காத வேறேதும் உண்டா? செவ்வாய்க்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்புக.’

பள்ளிப் பருவத்தை ஆண்டு ஆண்டாக எண்ணிப் பார்த்தாள். எதுவும் தென்படவில்லை, ஆனால் தன் நினைவை நம்பிக் கையெழுத்திட இப்போது துணிவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, ஸ்கூல்ல என் மேல எப்பவாவது புகார் எழுதினாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா.”

மறுமுனையில் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் ஓசை கேட்டது.

“அதை யாரு இப்பக் கேக்குறா?” என்றார்.