ரானுயி வேலியில் ஒரு பிரெஞ்சுக் கொடி

1995 ஜூலை 9, ஞாயிறு.

மெட்ராசிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து. உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கி, சட்டை கசங்கி, மங்கரே விமான நிலையத்தில் இறங்கியபோது என்னிடம் கசங்காமல் இருந்தது என் பெருமை ஒன்றுதான். எனக்கு இந்த நாட்டுக்கு விசா வேண்டாம். நான் புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அரக்கு நிறப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிகாரி அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். சிரிக்காமல் முத்திரை குத்தினார். குளிர் தேசத்தில் சிரிப்புக்கும் சிக்கனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே என் சித்தப்பா மகள் செல்வியும் அவள் கணவன் மோகனும் நின்றார்கள். வேன் நேசனுடையது. யாழ்ப்பாணத்துக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் மோகனோடு ஒரே கிடங்கில் வேலை. அவர்கள் வீடு இருக்கும் ரானுயி அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். போகும் வழியெல்லாம் நான் விசா இல்லாமல் நுழைந்த கதையைத்தான் அளந்தேன்.

"குடுத்து வைச்ச ஆள் நீங்கள் அண்ணை," என்றார் நேசன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ர அம்மா ரெண்டு வருஷமாக் கொழும்பில விசாவுக்கு நிக்கிறா."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஒரு தடவை பாரிசுக்குப் போனபோது பார்த்த சித்திரை வருஷப் பிறப்புக் கொண்டாட்டம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

ஜூலை 10, திங்கள்.

ரானுயியில் எல்லாம் மர வீடுகள். மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரே காலையில் நான்கு தடவை பெய்து நான்கு தடவை வெயில் அடித்தது. விடியுமுன்பே நேசனின் வேன் வந்துவிடும். செல்வியை மங்கரேயில் சரக்குக் கிடங்கில் இறக்கிவிட்டு ஆண்கள் இருவரும் ஈஸ்ட் டாமாக்கி போவார்கள். செல்விக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

இரண்டு வயதுக் குழந்தை தினேஷைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு மேரே. குக் தீவுகளிலிருந்து வந்தவள், ஐம்பதைத் தாண்டிய பெரிய உடம்புக்காரி. காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாளாம். இருட்டில் வேலியருகே வந்து நிற்பாள், தூங்குகிற பிள்ளையைப் போர்வையோடு வாங்கிக்கொள்வாள். "இங்க எனக்கு அம்மா வீடு இதுதாண்ணே," என்றாள் செல்வி.

ஜூலை 12, புதன்.

கடைத்தெருவுக்குப் போனேன். ரொட்டிக் கடை ஒன்றில் நீள ரொட்டிக்கு மேலிருந்த பலகையில் 'பிரெஞ்சு' என்ற சொல்லை மட்டும் மையால் அடித்திருந்தார்கள். மாலையில் மோகனிடம் கேட்டேன்.

"மச்சான், இந்தக் கடல்ல இருக்குற மூருரோவாத் தீவுல பிரான்சு மறுபடியும் அணுகுண்டு வெடிச்சுப் பாக்கப் போகுது. ஊரே கொதிக்குது. யார் கேட்டாலும் இந்தியான்னு சொல்லுங்க, போதும்."

"கடலூர்க்காரனுக்கு எந்த ஊர் போனாலும் இங்கிலீஷ்காரன் புத்தி," என்றேன். சிரித்துவிட்டான்.

இந்தக் கேலிக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயது. எங்கள் கரையில் வியாபாரத்துக்கு வந்த இரண்டு ராஜ்யங்கள், கடலூரில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும், சண்டை போட்டன. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு ஐரோப்பாவில் சமாதானம் பேசி, இடிபாட்டைப் பிரெஞ்சுக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் எங்கள் பக்கத்து வரைபடம் எலி கடித்த வேட்டி போல ஆனது. ஒரு கிராமம் பிரெஞ்சு, வாய்க்காலைத் தாண்டினால் இங்கிலீஷ். மோகனின் பாட்டன் மெட்ராஸ் பட்டாளத்துக்குப் போனார், என் அப்பா பிரெஞ்சுப் படையோடு சைகோனுக்குச் சண்டைக்குப் போனார். கல்யாணத்துக்குக் கடலூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் சீர்ப் பாத்திரத்தை எல்லைச் சுங்கச் சாவடியில் திறந்து காட்டிவிட்டுத்தான் வருவார்களாம். இதை நான் வேடிக்கைக் கதையாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் போகும்போது எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டார். சித்தப்பா போடவில்லை.

ஜூலை 14, வெள்ளி.

பிரான்சின் தேசிய நாள். எங்கள் வீட்டில் இது தீபாவளிக்கு அடுத்தபடியான பண்டிகை. காலையில் அப்பாவின் பதக்கங்களைத் துடைத்து வைப்போம், வாசலில் கொடி கட்டுவோம், கேசரி கிளறுவோம். அப்பா போன பிறகும் நான் ஒரு வருஷமும் விட்டதில்லை. கொடியை இஸ்திரி போட்டுப் பெட்டியில் கொண்டு வந்திருந்தேன். மோகன் சொன்னது நினைவில்தான் இருந்தது. என் அப்பாவின் கொடிக்கும் எங்கோ வெடிக்கப் போகும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற வீம்பு. எல்லோரும் போன பிறகு கொடியை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு, உள்ளே வந்து ரவையை வறுத்தேன். அது மேரே வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற கம்பம்.

இருட்டும் நேரத்தில் வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் நேசன்.

"அண்ணை, உந்தக் கொடியைக் கழட்டுங்கோ," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் கொடியளுக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள்."

நான் பதில் தேடுவதற்குள் மேரே தினேஷைத் தூக்கிக்கொண்டு வேலியருகே வந்தாள். குழந்தையைச் செல்வியிடம் கொடுத்தாள். திங்கட்கிழமைக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

"உனக்கு என்னண்ணே, ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிடுவே," என்றாள் செல்வி. "நான் இங்கதான இருக்கணும்?"

கேசரியை யாரும் தொடவில்லை. நான் இருட்டில் போய்க் கொடியை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 15, சனி.

இங்கே டெய்ரி என்று சொல்கிற தெருமுனைக் கடையில் இரண்டு டாலருக்கு வாழைப்பழம் வாங்கி, தட்டில் அடுக்கிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க எங்களுக்கு வராது. மேரே கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். உட்கார் என்று கத்தியால் நாற்காலியைக் காட்டினாள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 1761இல் ஆரம்பித்தேன். இடித்த ஊர், திருப்பிக் கொடுத்த இடிபாடு, வாய்க்கால், சாவடி, சைகோன். எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. சித்தப்பாவைக் கேட்டார்களே. அவர் மாட்டேன் என்றாரே. சைகோனில் அப்பா யாரைச் சுட்டார் என்று பதக்கத்தைத் துடைத்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவையாவது கேட்டேனா?

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னது இவ்வளவுதான்: அவளுடைய அக்கா கல்யாணமாகிப் போன தீவு குண்டு வெடிக்கும் இடத்துக்குப் பக்கம். வீட்டில் சின்னப் பிள்ளைகள். அந்தக் கடல் மீனைத்தான் சாப்பிடுகிறார்கள். "நேற்றுக் காலையில் போனில் அக்கா அழுதாள். போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். எழுந்தபோது, நீ இந்தியன்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெட்டியில் இருந்த பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

ஜூலை 17, திங்கள்.

செல்வி வேலைக்குப் போகிற உடையில், பிள்ளையைத் தோளில் போட்டபடி, போவதா வேண்டாமா என்று நின்றாள். வேன் வெளிச்சம் வேலியில் விழுந்தது. அங்கே மேரே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "குழந்தை என்ன செய்தது?" என்றாள்.

செல்விக்குப் போன உயிர் வந்தது. மேரே என்னைத் திட்டியிருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

ஜூலை 30, ஞாயிறு.

விமான நிலையத்துக்கு மேரேயும் கிளம்பி வந்தாள், கையில் ஒரு துணிப்பையோடு. ஊருக்குப் போகிறவர்களை வழியனுப்பாமல் விடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லையாம். பெட்டி போடும் வரிசையில் என் பக்கத்திலேயே நின்று, செல்விக்கு வேலை நிரந்தரமாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டை மட்டும் நீட்டினேன். கவுன்ட்டர்ப் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். சட்டைப் பையைத் தடவினேன், பேன்ட் பையைத் தடவினேன், இல்லாத இடமெல்லாம் தேடினேன். பிறகு எடுத்து வைத்தேன், அட்டையைக் கீழ்ப்பக்கமாக. அவள் அதைத் திருப்பி வைத்து, நாட்டின் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

மேரே பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்த அட்டையையே பார்த்தாள். பிறகு துணிப்பையிலிருந்து சின்னச் சின்னச் சிப்பிகள் கோத்த மாலையை எடுத்தாள்.

"குனி," என்றாள். குனிந்தேன்.

"இது அக்கா கோத்து அனுப்பியது," என்றாள், மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டு. செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

நான் நிமிரவில்லை. கவுன்ட்டர்ப் பெண் இரண்டு தடவை கூப்பிட்டு என் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தாள்.